ஊருக்குள் வரும் அரசு ஊழியர் குடியிருப்பு: வாசகர் கேள்விகள், பொறியாளர் பதில்கள்

கள்ளக்குறிச்சி, தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு ஆகியவை 2019இலும், மயிலாடுதுறை 2020இலும் தனி மாவட்டங்களாயின. மாவட்டம் என்றால் ஆட்சியர் அலுவலகம், எஸ்.பி. அலுவலகம், நீதிமன்றம், தலைமை மருத்துவமனை எல்லாம் வரும். அவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கு வீடும் வேண்டும். தாலுகா தலைநகரான பேரூராட்சிகளிலும் இதே தேவை இருக்கிறது. பொதுப்பணித் துறையோ, வீட்டுவசதி வாரியமோ, காவலர் வீட்டுவசதிக் கழகமோ இடம் பார்க்க வந்தவுடன் ஊருக்குள் கேள்விகள் கிளம்பிவிடுகின்றன. அப்படி வந்த கடிதங்களுக்கு ஒரு கட்டடப் பொறியாளரும் ஒரு நீர், கழிவுநீர்ப் பொறியாளரும் சேர்ந்து இங்கே பதில் சொல்கிறார்கள்.

கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியை வைத்துக்கொண்டிருக்கிறோம்: 5 ஏக்கர் இடம், 120 வீடுகள், வீட்டுக்கு சராசரி நாலரைப் பேர் என 540 பேர். உங்கள் ஊர்த் திட்டத்தின் அளவுக்கு ஏற்ப கூட்டியோ குறைத்தோ போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் பேரூராட்சியில் ஏரியை ஒட்டிய புறம்போக்கில் குவார்ட்டர்ஸ் கட்ட அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வருவாய்த் துறையினர் அதைத் தரிசு என்கிறார்கள். வயதானவர்களோ அது ஏரியின் உள்வாய் (நீர் தேங்கும் பகுதி), மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்கிறார்கள். யார் சொல்வது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதிவேட்டையும் தரையையும் இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

முதலில் சர்வே எண்ணை வாங்குங்கள். அந்த எண்ணுக்குரிய ‘அ’ பதிவேட்டுப் பகுதியில் நிலத்தின் வகைப்பாடு இருக்கும்: தரிசு, ஏரி, வாய்க்கால், மேய்க்கால், களம், நத்தம் என்று. இப்போதைய பதிவோடு நிறுத்திவிடக் கூடாது. யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1979க்கும் 1987க்கும் இடையில் நடந்தது. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டில் அதே நிலம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வகைப்பாடு மாறியிருந்தால் எந்த உத்தரவின்படி மாறியது என்று கேளுங்கள். புல வரைபடத்தில் அந்த எண்ணின் வழியாக வாய்க்கால் கோடு போகிறதா என்பது அடுத்த கேள்வி. வரத்து வாய்க்கால் ஒரு மீட்டர் அகலமே இருந்தாலும், அதை மூடினால் கீழே உள்ள ஏரிக்குத் தண்ணீர் போகாது.

இனி தரை. ஏரி நிரம்பினால் தண்ணீர் எதுவரை நிற்கும் என்பதைச் சொல்வது உபரிநீர் வழிந்தோடும் கலங்கலின் மேல்மட்டம்தான். சர்வேயரை வைத்து, கலங்கல் மட்டத்திலிருந்து மனைக்கு லெவல் எடுத்துவந்தால் அரை நாளில் விடை தெரிந்துவிடும். மனையின் தரை கலங்கல் மட்டத்துக்குக் கீழே இருந்தால் பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது நீர் நிற்கும் இடம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி உண்டு. மே மாதப் படத்தை விட்டுவிட்டு, நவம்பர், டிசம்பர், ஜனவரிப் படங்களைத் தேடுங்கள்.

நீர்நிலை என்று உறுதியானால் சட்டம் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. ஊர்ப் பொதுக் குளங்களைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கிலும் 2011இல் ஜக்பால் சிங் வழக்கிலும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கென்றே 2007ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மாற்று இடத்தின் சர்வே எண்ணையும் மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். ஊருக்குள் இடிந்து கிடக்கும் பழைய குவார்ட்டர்ஸ் மனை, இடம் மாறிப்போன பழைய அலுவலக வளாகம் போன்றவை பல ஊர்களில் உண்டு. அங்கே சாலை, மின்சாரம், குடிநீர்க் குழாய் எல்லாம் ஏற்கெனவே இருப்பதால் எங்களைக் கேட்டால் முதல் தேர்வு அந்த இடங்கள்தான்.

120 குடும்பங்கள் புதிதாக வந்தால் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் குறையுமா? இப்போதே இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது.

குழாய் இணைப்பை ஊர் விநியோகத்திலிருந்தே கொடுத்தால் நிச்சயம் குறையும். எவ்வளவு என்று பாருங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு ஆளுக்கு 70 லிட்டர் என்ற அளவில்தான் குடிநீர்த் திட்டம் வடிவமைக்கப்படுகிறது. ஃபிளஷ் கழிப்பறையோடு கூடிய அடுக்குமாடிக்கு 135 லிட்டர் என்று கணக்கு. 540 பேருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 73,000 லிட்டர் வேண்டும். இது உங்கள் ஊர்க் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் பேரின் பங்கு. வருவது 540 பேர் என்றாலும், தண்ணீரில் அவர்கள் ஆயிரம் பேர்.

‘போர் போட்டுக்கொள்வோம்’ என்பதே வழக்கமான பதிலாக இருக்கும். 73,000 லிட்டரை நாளைக்கு 10 மணி நேரத்தில் எடுக்க, நிமிடத்துக்கு 120 லிட்டருக்கு மேல் கொடுக்கும் போர் வேண்டும். பாறைப் பகுதியில் ஒரே போரில் இது கிடைப்பது அரிது. இரண்டு மூன்று போட்டால் பக்கத்துக் கிணறுகள் இறங்கும். பெரும்பாலும் தவறு நடப்பது சோதனை செய்யும் மாதத்தில்தான். டிசம்பரில் இரண்டு மணி நேரம் மோட்டாரை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘நல்ல ஊற்று’ என்று எழுதிவிடுகிறார்கள். ஏப்ரல் அல்லது மே மாதத்தில், 24 மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, போரின் நீர்மட்டத்தையும் சுற்றியுள்ள மூன்று நான்கு கிணறுகளின் மட்டத்தையும் மணிக்கொரு தரம் குறிக்கச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகு மட்டம் பழைய நிலைக்கு ஏற எவ்வளவு நேரம் பிடித்தது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். உப்பு, ஃப்ளோரைடு, நைட்ரேட் பரிசோதனையும் அப்போதே முடிந்துவிடட்டும்.

தேவையைக் குறைக்கவும் வழி உண்டு. 135 லிட்டரில் 45 லிட்டர் கழிப்பறை ஃபிளஷுக்குப் போகிறது. அதற்குச் சுத்திகரித்த கழிவுநீரைத் தனிக் குழாயில் கொடுத்தால் நல்ல தண்ணீர்த் தேவை 48,600 லிட்டராக இறங்கிவிடும். இந்த இரட்டைக் குழாயை வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும். சுவர் பூசி டைல்ஸ் ஒட்டிய பிறகு யாரும் உடைத்துப் போடப்போவதில்லை. வீட்டுக்கு வீடு மீட்டரும் அப்படித்தான். வளாகத்துக்குள் ஒரு நாள் தேவைக்கான சம்ப் இருப்பதும் அவசியம். 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீர் ஆழம் இருந்தால் 75,000 லிட்டர் பிடிக்கும். அப்போதுதான் ஊருக்குத் தண்ணீர் விடும் நேரத்தில் விடாமல், இரவில் நிரப்பிக்கொள்ள முடியும்.

பள்ளமாக இருந்த இடத்தை லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்குகிறார்கள். இதுவரை அங்கே போய் நின்ற மழைத் தண்ணீர் இனி எங்கள் தெருவுக்குத்தானே வரும்?

ஆம், வரும். உங்கள் பயம் நியாயமானது.

5 ஏக்கர் என்பது சுமார் 20,000 சதுர மீட்டர். ஒரே மழையில் 60 மில்லி மீட்டர் பெய்தால் அந்த மனைமேல் விழுவது 1,200 கன மீட்டர். வெறும் நிலமாக இருந்தபோது அதில் கால் பங்கு, அதாவது 300 கன மீட்டர்தான் ஓடியிருக்கும். கூரை, கான்கிரீட் சாலை, பேவர் கல் எல்லாம் வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு, ஏறத்தாழ 780 கன மீட்டர் ஓடும். கூடுதலாக வருவது 480 கன மீட்டர், அதாவது 4,80,000 லிட்டர். பள்ளம் இதுவரை தேக்கிவைத்த தண்ணீர் இந்தக் கணக்கில் சேரவில்லை. அதையும் நீங்கள்தான் தாங்க வேண்டியிருக்கும்.

மண்ணின் கணக்கும் முக்கியம். முழு மனையையும் ஒரு மீட்டர் உயர்த்த 20,000 கன மீட்டர் வேண்டும். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பருக்கு 2,350 நடை ஆகும். உருளை ஓட்டி இறுக்கினால் மண் அமுங்கும், ஆகவே இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூட வரும். இவ்வளவு சவுடும் கிராவலும் எந்த ஏரியிலிருந்து, எந்த அனுமதிச் சீட்டில் வருகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு ஊரின் மனையை மேடாக்க இன்னொரு ஊரின் ஏரி மடை மட்டத்துக்குக் கீழே தோண்டப்படுவதை ஏற்க முடியாது.

மாற்று வழி எளிமையானது. முழு மனையையும் நிரப்ப வேண்டியதில்லை. நான்கு பிளாக்குகள், ஒவ்வொன்றும் 600 சதுர மீட்டர் என்றால் உயர வேண்டிய பரப்பு 2,400 சதுர மீட்டரும் உள்சாலையும் மட்டுமே. தூண்கள்மேல் கட்டடத்தை ஏற்றி, கீழே வாகனம் நிறுத்த விட்டுவிட்டால் அதுவும் குறையும். மீதி நிலம் பழைய மட்டத்திலேயே இருக்கட்டும். அதில் ஓரிடத்தில் 20க்கு 16 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு குட்டை வெட்டினால் கூடுதலாக ஓடும் 480 கன மீட்டரும் அதில் அடங்கிவிடும். அதன் வெளிப்போக்குக் குழாய் சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் மழை நின்ற பிறகு மெதுவாக வடியும்.

கூரைத் தண்ணீரைத் தனியாகப் பிடிக்க வேண்டும். 2,400 சதுர மீட்டர் மொட்டைமாடியில் அதே 60 மில்லி மீட்டர் மழைக்கு சுமார் 1,20,000 லிட்டர் கிடைக்கும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் என்றாலும், வடிகட்டும் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளில்லாமல் இரண்டாம் ஆண்டிலேயே அது அடைத்துக்கொள்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பரில் மேல்மணலைச் சுரண்டி எடுத்துக் கழுவிப் போடும் வேலையைப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கடைசியாக, மதில் சுவர். ஓட்டையே இல்லாத மதில் மேட்டுப் பக்கத் தெருவுக்கு ஓர் அணை. தண்ணீர் இதுவரை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனதோ அந்த வழியில் மதிலுக்கு அடியில் கம்பி வலையோடு திறப்பு விட வேண்டும். அந்தத் திறப்பின் அடிமட்டம், வெளியே உள்ள கால்வாயின் அடிமட்டத்தைவிட உயரமாக இருக்கிறதா என்பதை மதில் எழும்பும் முன்பே லெவல் வைத்துப் பாருங்கள்.

செப்டிக் டேங்க் போதுமா, எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) வேண்டுமா? பக்கத்து ஊரில் கட்டிய எஸ்.டி.பி. பூட்டியே கிடக்கிறது. கழிவுநீர் ஓடையில்தான் போகிறது.

இந்த ஒரு கேள்வியைச் சரியாகக் கையாண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

எடுக்கும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவாக வெளியேறும். நம் கணக்கில் நாளைக்கு 58,000 லிட்டர். செப்டிக் டேங்கில் கசடு மட்டுமே தங்கும். வெளியே வருவது இன்னும் கழிவுநீர்தான், அதை மண் உறிஞ்ச வேண்டும். களிமண் கலந்த நிலம் ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 40 லிட்டர் வாங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் 1,450 சதுர மீட்டர் வேண்டும். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் ஆழமுள்ள உறைகிணற்றின் சுவர்ப்பரப்பு 19 சதுர மீட்டருக்கும் குறைவு. அப்படியானால் 77 உறைகிணறுகள்! இதனால்தான் அடுக்குமாடி செப்டிக் டேங்குகள் ஓர் ஆண்டிலேயே பொங்கி, யாரோ இரவில் ஒரு குழாயைப் போட்டு ஓடையில் விட்டுவிடுகிறார்கள். மனையின் மண் எவ்வளவு உறிஞ்சும் என்று பார்க்க ஒரு குழி வெட்டி, முதல் நாள் முழுக்க நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் நீர்மட்டம் இரண்டரை சென்டி மீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளக்க வேண்டும். 60 நிமிடத்துக்கு மேல் போனால் அந்த இடத்தில் உறைகிணற்றையே நம்பக் கூடாது.

எஸ்.டி.பி. ஏன் பூட்டப்படுகிறது? பெரும்பாலும் நான்கு காரணங்கள். முதலாவது, 60,000 லிட்டருக்குக் கட்டிவிட்டு முதல் ஆண்டில் 30 குடும்பங்களே குடியேறுவது. வருவது கால் பங்குக் கழிவு. தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் தீனி போதாமல் செத்து, நாற்றம் அடிக்கும். இதற்கு 30,000 லிட்டர் வீதம் இரண்டு தனித் தொகுதிகளாகக் கட்டி, முதலில் ஒன்றை மட்டும் ஓட்ட வேண்டும். இரண்டாவது, மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவில் தொட்டிக்குக் காற்று செலுத்தும் புளோயரை நிறுத்துவது. சில மணி நேரம் காற்று இல்லாவிட்டாலே நுண்ணுயிரிகள் பாதிக்கப்படும். மூன்றாவது, கசடை வெளியேற்றாமல் விடுவது. நான்காவது காரணம் மற்ற எல்லாவற்றுக்கும் தாய்: கட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள், ஓட்டுவதற்கு ஆளும் மின்கட்டணமும் எந்தத் தலைப்பில் வரும் என்று எழுதுவதில்லை.

ஓடும் எஸ்.டி.பி. உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. புளோயர் ஓடும்போதே காற்றுத் தொட்டியின் நீரை ஒரு லிட்டர் அளவு ஜாடியில் எடுத்து அசைக்காமல் 30 நிமிடம் வைத்தால் கசடு அடியில் படியும். வழக்கமான காற்றூட்டு முறையில் படிந்த கசடு 200 முதல் 300 மில்லி லிட்டர் வரை, பழுப்பு நிறத்தில், மேலே தெளிந்த நீரோடு இருந்தால் நல்லது. கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தால் காற்று போதவில்லை. 50 மில்லி லிட்டர் கூட இல்லை என்றால் நுண்ணுயிரிகளே இல்லை.

சிறு ஊருக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது மின்சாரத்தைப் பெரிதாக நம்பாத முறையை. கசடுத் தொட்டி, அடுத்து தடுப்புச் சுவர்கள் கொண்ட காற்றில்லாத் தொட்டி, அதன் பிறகு ஜல்லிப் படுக்கையில் கல்வாழையும் நாணலும் வளர்த்த தோட்டம். ஆரோவில்லில் இத்தகைய அமைப்புகள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. ஆளுக்கு ஒன்றரை முதல் 2 சதுர மீட்டர் படுக்கை வேண்டும். 540 பேருக்கு 800 முதல் 1,100 சதுர மீட்டர், அதாவது சுமார் கால் ஏக்கர். 5 ஏக்கரில் இது கிடைக்காத இடமில்லை. ஜல்லி 10 முதல் 20 மில்லி மீட்டர், 60 சென்டி மீட்டர் ஆழம், கழிவுநீர் நுழையும் பக்கம் மட்டும் 40 முதல் 60 மில்லி மீட்டர் கல். தண்ணீர் மேல்பரப்புக்கு 5 சென்டி மீட்டராவது கீழேயே ஓடுவதால் கொசு வராது. இது கெடுவது இரண்டு வழிகளில்: கிரஷர் தூசி ஒட்டிய ஜல்லியைக் கழுவாமல் கொட்டுவது, கசடுத் தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்காமல் விடுவது. இரண்டாலும் படுக்கை அடைத்து மேலே நீர் நிற்கும்.

எந்த முறையானாலும் தொட்டிக்குள் மனிதரை இறக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. உறிஞ்சும் லாரி தொட்டியின் மூடிவரை வந்து நிற்க 4 மீட்டர் அகலப் பாதை வேண்டும். வரைபடத்தில் இந்தப் பாதை விடுபட்டுப்போனால் பின்னால் யாரோ ஒரு தொழிலாளியின் உயிர் ஆபத்தில் சிக்கும். எங்கள் பார்வையில் முழு வரைபடத்திலும் இதைவிட முக்கியமான கோடு வேறில்லை.

இவ்வளவு பெரிய திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் கிடையாதா?

பெரும்பாலும் கிடையாது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பிலிருந்துதான் முன்அனுமதி வேண்டும். 120 வீடுகள், பொதுப் பகுதியும் சேர்த்து வீட்டுக்கு 75 சதுர மீட்டர் என்றால் 9,000தான் வரும். வரம்பைத் தாண்டினாலும் கட்டடத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ‘முதல் கட்டம் 120 வீடு, இரண்டாம் கட்டம் 150 வீடு’ என்று அதே மனையில் வருமானால் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். முழு மனைக்கான மொத்தத் திட்ட வரைபடத்தை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். பட்டா நிலத்தைக் கையகப்படுத்துகிறார்கள் என்றால் கதை வேறு. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடும் அதற்கான பொது விசாரணையும் உண்டு. பாசனம் உள்ள பல போக நிலத்தைக் கடைசி வழியாக மட்டுமே எடுக்கலாம் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

நான் இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவள். இரண்டிலும் குடியிருப்பது ஆசிரியர், நர்ஸ் குடும்பங்கள். குவார்ட்டர்ஸ் வந்தால் என் வருமானம் போய்விடாதா?

கொஞ்சம் பாதிக்கும் அம்மா, இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் 120 வீடுகள் வந்தால் 120 வாடகை வீடுகள் காலியாகிவிடாது. குவார்ட்டர்ஸ் எடுப்பவருக்கு வீட்டு வாடகைப்படி நின்றுவிடும். அதனால் குறைந்த வாடகையில் நல்ல வீடு கிடைத்தவர்களும், கணவன் மனைவி இருவரும் வேலை பார்ப்பவர்களும், பிள்ளையின் பள்ளியைப் பார்த்துக் குடியிருப்பவர்களும் உடனே மாறமாட்டார்கள். மாறுபவர்களில் பலர் இப்போது பக்கத்து நகரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர்களாக இருப்பார்கள். அவர்கள் ஊரிலேயே தங்கினால் மளிகை, பால், காய்கறி, தையல், டியூஷன் எல்லாவற்றுக்கும் புதிய வாடிக்கை கிடைக்கும். இரவுப் பணி நர்ஸும் காவலரும் ஊருக்குள் இருப்பது உங்களுக்கும் நல்லதுதான்.

குடியிருப்பு எங்கே அமைகிறது என்பதைப் பொறுத்தே இது அமையும். பஸ் நிலையத்திலிருந்து 5 கிலோ மீட்டர் தள்ளி, நெடுஞ்சாலை ஓரம் கட்டினால் அவர்கள் மாதச் சாமானை நகரத்திலிருந்தே வாங்கி வருவார்கள். ஊருக்கு மிஞ்சுவது அவர்களின் குப்பையும் கழிவுநீரும்தான். தண்ணீர் உப்பு, பஸ் இல்லை, மாடித் தொட்டி ஒழுகுகிறது என்று பாதி வீடுகள் காலியாகவே கிடக்கும் நிலைமையும் இப்படித்தான் வருகிறது. அதனால் எத்தனை பேர், எந்த நிலை ஊழியர்கள் எழுத்தில் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள் என்ற பட்டியலை முதலில் கேளுங்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் 120 என்ற எண்ணை முடிவு செய்வது தவறு.

ஆடு மேய்க்கும் நிலத்தில் வேலி போட்டுவிட்டார்கள். 40 குடும்பங்களுக்கு வேறு மேய்ச்சல் இல்லை. அங்கே உள்ள பழைய புளிய மரங்களையும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள்.

‘அ’ பதிவேட்டில் அது மேய்க்கால் புறம்போக்கு என்றால், வகைப்பாட்டை மாற்றும் உத்தரவின் நகலைக் கேட்டு, அதே ஊரில் ஈடான நிலத்தை மேய்க்காலாக ஒதுக்கக் கோருங்கள். மனுவில் எத்தனை குடும்பம், எத்தனை ஆடு, எத்தனை மாடு, எந்த மாதங்களில் எந்த வழியாக ஓட்டிச் செல்கிறீர்கள், தண்ணீர் காட்டும் குட்டை எது என்பதை எழுதுங்கள். கால்நடை மருந்தகப் பதிவு இருந்தால் இணையுங்கள். மேய்ச்சல் நிலம் தப்பாவிட்டாலும், குட்டைக்கும் மலையடிவாரத்துக்கும் போகும் பாதை தப்ப வேண்டும். மனையின் ஓரமாக 6 மீட்டர் அகலத்தில் கால்நடைப் பாதை விடச் சொல்வது ஒப்புக்கொள்ளக்கூடிய கோரிக்கை.

பொது நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எண் போட்டாலே ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மரங்களின் இருப்பிடத்தை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் பல மரங்கள் கட்டடத்தின்மேல் விழாமல், சாலையிலோ வண்டி நிறுத்தத்திலோதான் விழும். சாலையை 3 மீட்டர் நகர்த்தினால் 80 வயது மரம் பிழைக்கும். மரத்தைச் சுற்றி 3 மீட்டருக்குள் மண் கொட்டுவதும் கூடாது. ஒன்றரை அடி மண் ஏறினாலே வேருக்குக் காற்றில்லாமல் சில ஆண்டுகளில் பட்டுப்போகும். புதிதாக நட புங்கம், வேம்பு, பூவரசு, நாவல், இலுப்பை, மகிழம் போதும். வெளிநாட்டு மரமான கோனோகார்ப்பஸ் வேண்டவே வேண்டாம்.

ஒன்றரை ஆண்டு கட்டுவார்களாம். தூசியும் லாரியும் பள்ளிக்கூடத் தெரு வழியாகத்தான்.

லாரி நேரத்தைப் பணி ஆணையிலேயே எழுதவைக்க முடியும்: பள்ளி திறக்கும், விடும் நேரங்களில் ஒரு மணி நேரம் லாரி நிற்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கலவை இயந்திரம், வைப்ரேட்டர் ஓடக் கூடாது. எம்-சாண்ட் தார்ப்பாய் மூடி வர வேண்டும். வெளியேறும் வாசலில் டயர் கழுவ ஒரு பள்ளம் வேண்டும். லாரி ஓடத் தொடங்கும் முன் தெருவையும் சிறுபாலத்தையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் ஒரு பிரதி கொடுத்து ஒப்புகை வாங்கிவையுங்கள். பின்னால் சாலையைச் சீர் செய்யச் சொல்லும்போது அதுதான் சான்று.

வேலைக்கு வரும் தொழிலாளர்களை ஊர் மறந்துவிடக் கூடாது. தகரக் கொட்டகையில் 80 பேர், ஒரே கழிப்பறை என்றால் அவர்கள் வாய்க்கால் ஓரம்தான் போவார்கள். பிறகு ஊரார் அவர்களையே குறை சொல்வார்கள். குறை ஒப்பந்ததாரருடையது. 20 பேருக்கு ஒரு கழிப்பறை, குடிநீர், சமையல் எரிவாயு, குழந்தைகளுக்கு நிழலான இடம் இவற்றை முதல் நாளே கேளுங்கள்.

குப்பை?

540 பேர், ஆளுக்கு கால் கிலோ, 135 கிலோ. நாளைக்கு 100 கிலோவைத் தாண்டுவதால் விதிப்படி அது பெருமளவில் குப்பை உருவாக்கும் வளாகம். மக்கும் குப்பையை உள்ளேயே கையாள வேண்டும். 70 கிலோ மக்கும் குப்பைக்கு, காற்றோட்ட இடைவெளி விட்டுக் கட்டிய செங்கல் தொட்டிகள் மூன்று போதும், ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். ஒன்று நிரம்ப சுமார் 25 நாள். மூன்றாவது நிரம்பும்போது முதலாவதில் 50 நாள் ஆன எரு இருக்கும். ஈரம் அதிகமானால் புழுவும் நாற்றமும் வரும். ஒவ்வொரு அடுக்குக்கும் காய்ந்த இலைச்சருகு போடுங்கள், மேலே கூரை இருக்கட்டும்.

எங்கள் ஊரில் கட்டடம் முக்கால்வாசி எழும்பிவிட்டது. யாரும் எங்களைக் கேட்கவில்லை. இனி என்ன செய்ய முடியும்?

இடத்தையும் வீட்டு எண்ணிக்கையையும் இனி மாற்ற முடியாது. இரட்டைக் குழாயும் பூச்சு முடியாத மாடிகளில் மட்டுமே சாத்தியம். ஆனால் மழைநீர் வெளியேறும் மட்டம், மதில் திறப்பு, குட்டை, கழிவுநீர் அமைப்பு, கசடு லாரிப் பாதை, மீட்டர், உரத்தொட்டி, மரம் இவை எல்லாம் வேலையின் கடைசி மாதங்களில்தான் செய்யப்படுகின்றன. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கட்டும் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கருத்தைக் கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்: நிலம் மாற்றிய உத்தரவு, மண் பரிசோதனை அறிக்கை, மட்டங்கள் குறித்த மழைநீர் வடிகால் வரைபடம், நீர் ஆதாரச் சான்று, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வடிவமைப்பு, மரப் பட்டியல், பராமரிப்புக்கான நிதித் தலைப்பு. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதே சட்டத்தின் 2(ஜெ) பிரிவின்படி வேலையை நேரில் பார்வையிடவும், பொருள்களின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பார்வையிடும் நாளில் லெவல் கருவியோடு ஒரு சர்வேயரை அழைத்துச் செல்லுங்கள்.

பதில் தாள்களோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபையில் தீர்மானமாகவே பதியச் செய்யலாம். நீர்நிலைக்குச் சேதம் என்று சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போவதாக இருந்தால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். ஆகவே மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தையும் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டடத்தை ஒப்படைக்கும் தேதி தெரிந்தவுடன் துறைக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்: சுத்திகரிப்பு அமைப்பைக் குறைந்தது ஓர் ஆண்டு ஒப்பந்ததாரரே ஓட்டிக் காட்ட வேண்டும், அதுவரை அவருடைய பிணைத்தொகையை விடுவிக்கக் கூடாது என்று. ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஒரு கோடையும் அந்த ஆண்டுக்குள் வந்துபோகும். வடிகாலில் தவறிருந்தால் மழையிலும், போரில் தவறிருந்தால் மே மாதத்திலும் தெரிந்துவிடும், சரிசெய்யும் பொறுப்பும் அப்போது கட்டியவரிடமே இருக்கும்.